முன்னால் உட்காருகிறவள்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கட்டைவிரல் நகம் இரண்டும் வலிக்கிறது. இன்றைக்கு அத்தனை பேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்தாலே இப்படித்தான், ஊர்ப் பேனையெல்லாம் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள்.

இதை யாராவது படித்தால் உதைப்பேன். இருந்தாலும் படிக்கிறவளுக்குப் புரியவேண்டும் அல்லவா, அதனால் எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூடமும் எங்கள் பெண்கள் விடுதியும் ஒரே காம்பவுண்டு. செல்போன் கிடையாது, டிவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படிப்பு மணி அடிக்கும்வரை மட்டும் எங்களை மனுஷியாக நடமாட விடுவார்கள். அப்போது தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்காருவோம். மேல்படியில் இருப்பவள் கீழ்ப்படியில் இருப்பவளுக்குப் பேன் பார்ப்பாள்.

யாரும் போடாத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் உட்காருகிறவள் எதை வேண்டுமானாலும் பேசலாம், அழலாம், வார்டனைத் திட்டலாம். பின்னால் இருப்பவள் ‘ம்’ கொட்டலாம், அவ்வளவுதான். முன்னால் இருப்பவள் திரும்பக் கூடாது. பின்னால் இருப்பவள் எட்டி முகத்தைப் பார்க்கக் கூடாது. புத்தி சொல்லவே கூடாது. எழுந்துபோன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள்.

நிவாஷினி கை பட்டால் தூக்கம் வருகிறது என்று எல்லாரும் என்னிடம்தான் ஓடிவருவார்கள். எனக்குப் பேன் இல்லை. அதனால் நான் முன்னால் உட்காருவதில்லை. எல்லாருக்கும் மேலே, கடைசிப் படி என்னுடையது.

சாயங்காலம் விடுதிப் போனில் என் முறை வந்தது. எதிர்க்கட்டில் கௌசிக்கு விட்டுக்கொடுத்தேன். அவளுக்கு அவள் அம்மாவிடம் பேச நிறைய இருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மித்ராவின் முழுப்பெயர் சங்கமித்ரா. கேட்டைத் தாண்டும்போதே தெரிந்துகொள்ளலாம், ஆளுயர ஃபிளெக்ஸில் போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கு முதல் மதிப்பெண் எடுத்தவள். மாலை போட்ட மாதிரி முன்பக்கம் தொங்குகிற இரண்டு சடை, வாயெல்லாம் பல். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் என் பக்கத்துக் கட்டில். அந்த ஃபிளெக்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போவாள்.

இன்று அவள் தலையில் வகிடு எடுத்தபோது உச்சிக்குக் கொஞ்சம் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. பொடுகு என்று நினைத்தேன். இல்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லை. சுற்றிலும் குட்டையாக முளைத்த முடி, முள்ளாகக் குத்துகிறது. என் விரல் நின்றுவிட்டது.

“பாத்துட்டியா?” என்றாள்.

“ம்.”

“நானேதான்டி புடுங்குறேன். படிக்க உக்காந்தா கை தானாப் போவுது. ஒண்ணு வந்தவுடனே நிம்மதியா இருக்கு. அப்பறம் இன்னொண்ணு வேணும்போல இருக்கு. பைத்தியம் புடிச்சிருச்சுனு நெனைக்கிறியா?”

“ம்ஹும்.”

“ஃபிளெக்ஸ்ல இருக்கிறவ வேற யாரோடி. அவள மாதிரி மார்க் எடுக்கச் சொல்றாங்க. எனக்கு எழுத்தே தலைக்குள்ள போகமாட்டேங்குது.” பிறகு, “யார்கிட்டயும் சொல்லிறாத. சொன்னேன்னு வையி, அதுக்கப்பறம் நான் யார்கிட்டயுமே வாயத் தொறக்கமாட்டேன்” என்றாள்.

சட்டத்தை உடைத்து எட்டிப்பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இன்றிலிருந்து காலையில் அவளுக்கு நான்தான் சடை போடுகிறேன். வகிட்டைச் சாய்த்து எடுத்தால் மறைந்துவிடுகிறது. யாராவது ஏன் என்று கேட்டால் புது ஸ்டைல்.

ஆகஸ்ட் 19, சனி

அசெம்பிளியில் தாளாளர் பேசினார். “கண்ணுகளா, உங்க மனசுதான் எங்களுக்கு முக்கியம்” என்றார். மனசைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டு வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் புதிதாக ஆலோசனை அறை திறந்திருக்கிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாள் என்று ஃபீஸ் கட்ட வருகிறவர்கள்வரை பார்க்கலாம். இதற்கு அந்தப் பிள்ளையை மேடையிலேயே ஏற்றி அழ வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 23, புதன்

கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மைக்கில், “பன்னிரண்டு ‘சி’ நிவாஷினி, ஆலோசனை அறைக்கு உடனே வரவும்” என்று வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருத்தி, “ஏய், லூசு ஆயிட்டியா?” என்றாள். போகும்போது அவள் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன், பதிலுக்குப் பதில்.

ஆலோசகர் பெயர் ஷைலஜா. சின்ன வயது. காட்டன் புடவை. நல்லவர்தான் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, “இப்போ எப்படி ஃபீல் பண்றீங்க?” என்றார்.

“நல்லா இருக்கேன் மேடம்.”

“வீட்ல எல்லாரும்?”

“நல்லா இருக்காங்க மேடம்.”

சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி போட்ட தாள் ஒன்றை நீட்டினார். சிரிக்கிற மூஞ்சியில் டிக் போட்டேன். நான் மட்டும் இல்லை, முறைபோட்டுக் கூப்பிட்ட மொத்த விடுதியும் சிரிக்கிற மூஞ்சியில்தான் போட்டிருக்கிறது. நாட்டிலேயே சந்தோஷமான பள்ளிக்கூடம் இதுதான் என்று இனி அதற்கும் ஒரு ஃபிளெக்ஸ் வைப்பார்கள்.

எழுந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. “மேடம், எதிர்ல உக்காந்து கண்ணப் பாத்தா யாருக்கும் பேச்சு வராது. மைக்ல பேரு சொல்லிக் கூப்புடாதீங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “அப்போ நீங்கள்லாம் எங்கதான் பேசுவீங்க?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் சொல்லித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

சொல்லியிருக்கக் கூடாது. இன்று தொட்டிக்கே வந்துவிட்டார்! கிளிப்பைக் கழற்றித் தலையை விரித்துவிட்டு, “எனக்கும் பாருங்கப்பா” என்று என் முன்னால் உட்கார்ந்தார். படிக்கட்டே கப்சிப். மேடம் தலையில் ஷாம்பு வாசனை அடித்ததே தவிர மருந்துக்கு ஒரு ஈர்கூட இல்லை.

கிளிப்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, அவரும் எங்களை மாதிரி விடுதியில் படித்தவர்தானாம், முதல் வருஷம் பூரா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாராம். சொல்லும்போது குரல் உண்மையாகத்தான் இருந்தது. எனக்குக்கூட ‘ம்’ வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். சட்டென்று முழுசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்து, “உனக்கும் அப்படி இருக்கா நிவா?” என்றார்.

“இல்ல மேடம். உங்க தலை சுத்தமா இருக்கு, எந்திரிங்க” என்றேன். கௌசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடம் முகம் சுருங்கிப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது.

அப்பா போன் செய்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமாம். எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். நீல நிறம், நடுவில் இரண்டு கை கோத்திருக்கிறது, மேலே ‘மனநலத் தோழி’. பிள்ளைகள் பிள்ளைகளிடம்தான் பேசுவார்கள் என்று மேடம் கூட்டத்தில் சொன்னாராம். தாளாளருக்கு யோசனை பிடித்துப்போய் வகுப்புக்கு ஒருத்தி என்று திட்டமே போட்டுவிட்டார். எங்கள் வகுப்புக்கு நான். வாரா வாரம் மேடத்திடம் போய் யாருக்கு என்ன என்று சொல்லவேண்டுமாம்.

கோமாளித்தனம். அசெம்பிளியில் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் குத்திவிட்டபோது கை தட்டினார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லலாம், வேறு எதைச் சொல்வது என்று தெரியாதபோது. பேட்ஜின் ஊசி துருப்பிடிக்கும் போலிருக்கிறது, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மித்ராவின் இடம் பெரிதாகிவிட்டது. வகிட்டைச் சாய்த்தும் மறைக்க முடியவில்லை, ஹேர்பேண்ட் போட்டு ஒப்பேற்றுகிறோம். இன்று இன்னொன்றும் தெரிந்தது. இடது புருவத்தில் பாதியைக் காணோம். மை தீட்டியிருக்கிறாள்.

“ரெண்டு வாரமாத் தூங்கல” என்றாள். “படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. சாப்பாட்டப் பாத்தா வாந்தி வருது. நிவா, உன் முன்னாடி உக்கார்ற நேரம் மட்டுந்தான்டி கை சும்மா இருக்கு.”

 ‘ம்’ என்றுதான் சொன்னேன். எங்கள் சட்டத்தில் அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லையே! பேனுக்குப் போட்ட சட்டம் இதற்குப் போதாது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

செப்டம்பர் 6, புதன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றும் கோள்மூட்டப் போகவில்லை. வாராந்திர முறை, போனேன். மற்ற வகுப்புத் தோழிகளெல்லாம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் வெறும் கையோடு நின்றேன். மேடம் என்னைத் தனியாக நிறுத்தி, “எதையோ மனசுல வச்சிக்கிட்டுத் தவிக்கிற நிவா. சொல்லு. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்” என்றார். ‘நம்ம ரெண்டு பேருக்குள்ள’ என்று என்னிடம் யாரும் சொல்லி ரொம்ப நாளாகிறது.

மித்ராவுக்கு மருந்து மாத்திரை தேவைப்படலாம். எனக்கென்ன தெரியும்? நான் டாக்டரா? மேடம் கவனமாகக் கேட்டார். இது ஒரு நோய்தான், குணமாக்கலாம், அவளோடு மெதுவாகப் பேசுகிறேன் என்றார். நான் செய்தது சரிதான். நூறு தடவை கேட்டாலும் சரிதான்.

மித்ராவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சடை போடும்போது சொல்லலாம்.

செப்டம்பர் 7, வியாழன்

சொல்ல நேரம் கிடைக்கவில்லை. காலை மணி அடித்துவிட்டது.

செப்டம்பர் 8, வெள்ளி

முதல் பாடவேளையிலேயே மைக்கில் அவள் பெயர். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தில் ஏதோ தேடினேன்.

அவள் அப்பா அம்மா தேனியிலிருந்து இரவோடு இரவாகக் கார் பிடித்து வந்திருக்கிறார்கள். கண்ணாடி அறையில் தாளாளர், தலைமை ஆசிரியர், வார்டன் பாப்பாத்தி அக்கா, மேடம், அத்தனை பேரும். நடுவில் மித்ரா. குடிதண்ணீர் பிடிக்கிற சாக்கில் நான் வராந்தாவில் நின்றேன். எல்லாருக்கும் காட்டுவதற்காக அவள் அம்மாவே ஹேர்பேண்டைக் கழற்றி முடியை விலக்கினாள். மித்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பேட்ஜு போட்ட புள்ள ஒண்ணு பாத்துச் சொல்லியிருக்குதுங்க” என்று தாளாளர் பெருமையாகச் சொன்னது வெளியே கேட்டது. “நம்ம திட்டம் எப்புடி வேல செய்யுது பாருங்க!”

அவள் அப்பா மேடத்தைப் பேசவே விடவில்லை. டாக்டர் என்று மேடம் ஆரம்பித்ததும், “பொம்பளப் புள்ளைக்குப் பைத்தியம்னு பட்டம் கட்டப் பாக்கிறீங்களாம்மா?” என்று கத்தினார். “குலதெய்வத்துக்கு ஒரு மொட்டையப் போட்டா எல்லாம் சரியாயிரும். முடியே இல்லேன்னா எதப் புடுங்குவா?”

 அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அவள் பெட்டியைக் கட்ட நான் உதவப் போனேன். “நகரு” என்றாள்.  சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தொட்டிப் பக்கம் போகத் தடை. பாப்பாத்தி அக்கா எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தலையில் பேன் மருந்து ஊற்றினார். “எனத்துக்கடி அங்க போயி ஒருத்தி முதுவுல ஒருத்தி ஏறிக்கிட்டு ஊர்க்கத பேசறீங்க? பேசறதுன்னா பேட்ஜுக்காரிகிட்டப் பேசுங்க. அதுக்குத்தானே குடுத்திருக்குது.”

விடுதி முழுக்க மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம். படிப்பு மணிவரை எல்லாரும் அவரவர் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்தோம். பேட்ஜுக்காரியிடம் ஒரு நாயும் பேசவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

மேடத்தை வராந்தாவில் மடக்கினேன். “நம்ம ரெண்டு பேருக்குள்ளன்னு சொன்னீங்களே” என்றேன்.

“தாளாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னுதான் எனக்கு வேலையே குடுத்திருக்காங்கம்மா. அப்பவே உன்கிட்ட அத மறைச்சிட்டேன், தப்புதான். டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போவாங்கன்னு நம்பினேன். இன்னைக்கும் அவங்க அப்பாவுக்குப் போன் பண்ணேன். எடுக்கல.” அவர் கண் கலங்கியிருந்தது. “உன்கிட்ட யாராச்சும் பேசறாங்களா நிவா?”

“எனக்கென்ன மேடம். நல்லா இருக்கேன்.”

பெரியவர்கள் அழுதால் எனக்குப் பிடிக்காது. அம்மாவும் சமையலறையில் குக்கர் சத்தத்தில்தான் அழுவாள், எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

செப்டம்பர் 28, வியாழன்

காலாண்டு விடுமுறை. விடுதி காலி. அப்பா, “ஸ்பெஷல் கிளாஸ் இருந்தா அங்கயே இருந்துக்கோடா” என்றார். ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

போனில் சித்தி வந்தாள். அம்மா வந்து பீரோவிலிருந்த தன் துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு போனாளாம். நல்லதுதான். என் ரெக்கார்டு நோட்டெல்லாம் வைக்க இடமில்லாமல் கிடந்தது.

இன்று தலையணை உறை, போர்வை, பாவாடை எல்லாம் துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

அக்டோபர் 4, புதன்

மித்ரா வந்துவிட்டாள். மொட்டை. சந்தனம் காய்ந்து காதோரம் ஒட்டியிருக்கிறது. கேட்டுக்குள் நுழையும்போது ஃபிளெக்ஸில் அந்த இரண்டு சடை அப்படியே இருந்தது. அவள் முதல்முறையாக நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

தலையில் பிடுங்க எதுவும் இல்லை என்பது உண்மைதான். புருவம் இரண்டும் இல்லை. இமை முடியிலும் பாதி இல்லை.

கட்டிலை மாற்றிக்கொண்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

மருந்து ஊற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பேன் திரும்ப வந்துவிட்டது. தடை போட்டது அதற்குத் தெரியாது போலிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் பாப்பாத்தி அக்கா கண்ணயர்ந்ததும் ஒவ்வொருத்தியாக நழுவித் தொட்டிக்கு வந்தார்கள். நானும் போய் என் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். என் முன்னால் யாரும் உட்காரவில்லை. பேட்ஜைக் கழற்றிவிட்டுத்தான் போயிருந்தேன். கழற்றினாலும் தெரிகிறது போலும்.

மித்ரா வந்தாள். தலையில் துப்பட்டா. கௌசி சட்டென்று நகர்ந்து இடம் விட்டாள். மொட்டைத் தலைக்கு யார் பேன் பார்ப்பது, இவள் எதற்கு வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே எல்லாரையும் தாண்டி மேலே ஏறி, எனக்கும் பின்னால் போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“தலையக் காட்டு” என்றாள்.

என் சடையை அவளே அவிழ்த்தாள். இந்த விடுதிக்கு வந்த நாளிலிருந்து என் தலையில் இன்னொருத்தி கை பட்டதில்லை. அவள் விரல் காதுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஏறியது. உடம்பெல்லாம் கூசியது. தூக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. 

“எனக்குப் பேன் இல்லடி.”

“தெரியும். பேசு.”

எதிரில் துணிக்கொடியில் ஒரே ஒரு சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. மேடம் மாதிரி கேள்வி கேட்கவில்லை. வகிடு எடுத்தாள், இன்னொரு வகிடு எடுத்தாள். கீழ்ப்படியில் இருந்தவர்கள் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு எதுவும் கேட்காத மாதிரி இருந்தார்கள். சொல்லியிருக்கலாம். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது, மன்னிப்புக் கேட்பதுகூட இல்லை.

“எனக்கென்னடி,” என்றேன். “நல்லா இருக்கேன்.”

விரல் நின்றது. முடியை மூன்றாகப் பிரித்து, அவிழ்த்த சடையைப் பழையபடி பின்னி, ரப்பர் பேண்டைப் போட்டாள். அவசரமில்லாமல், ஒழுங்காக.

“அப்ப எந்திரி” என்றாள். “அடுத்தவ உக்காரட்டும்.”

எழுந்தேன். கௌசி மேலே ஏறி வந்து என் படியில் உட்கார்ந்தாள். நான் கீழே குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். கையில் எதுவும் இல்லை, சும்மா கழுவினேன். கௌசி உட்காரும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். ஏதோ சொல்லிக்கொண்டே அழுதாள், தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. குழாயை மூடினேன்.

“ம்” என்றாள் மித்ரா. அது மட்டும் நன்றாகக் கேட்டது.